இடுப்பளவு மரங்கள்

ரானுயி
18 மார்ச் 2024

நிசாந்தினியின் அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் நாள் முழுக்க எனக்கு ஃபோன் எடுப்பது தெரியும். வேண்டுமென்றுதான் பதில் சொல்லவில்லை. ஃபோனில் நான் ஒரு வசனத்தை முடிக்க முதலே நீங்கள் அடுத்ததைத் தொடங்கிவிடுவீர்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். கடிதத்தில் குறுக்கே கதைக்க முடியாது. அதனால் ஏதாவது சொல்ல இருந்தால் எழுதுங்கள். முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது. முகவரி கிடைத்துவிட்டதென்று காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டாம். கதவு திறக்க மாட்டேன்.

டோறினை உங்களுக்கு நினைவிருக்கும். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த மன்னார் நர்ஸ். அவவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு யுனிட் இருக்கிறது. ஒரு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. சும்மா இருக்கச் சொன்னா. நான் சம்மதிக்கவில்லை. என் பென்சனில் வாடகை கொடுத்து இருக்கிறேன்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, அம்மா ஏன் போனவ?" என்று சிட்னிக்கு எடுத்து நிசாந்தினியிடம் கேட்டீர்களாம். விளங்கும்படி எழுதுகிறேன்.

மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனேன். பேத்தி மஹதியைக் குளிப்பாட்டி, தாய்க்குப் பத்தியம் சமைத்துக் கொடுத்து, மாசியில் திரும்பி வந்தேன். விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம், வீட்டில் ஒரு புதினம் இருக்கிறதென்று சிரித்துக்கொண்டே கார் ஓடினீர்கள். பெட்டியைக் கூட உள்ளே வைக்கவில்லை. கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனீர்கள். என் தோட்டம் இருந்த இடத்தில் இந்த வேலி தொடக்கம் அந்த வேலி மட்டும் கொங்கிறீட். மேலே கூரை. கீழே பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு பார்பிக்கியூ அடுப்பு.

"எப்பிடி இருக்கு? இனி எத்தினை பேரையும் கூப்பிடலாம்" என்றீர்கள்.

"என்ரை மரங்கள் எங்கை?" என்று கேட்டேன்.

"சாடியிலை நிண்டதுகளை 'ஃப்ரீ' எண்டு எழுதி ரோட்டுக்கரையிலை வைச்சன். பின்னேரத்துக்குள்ளை சனம் கொண்டுபோட்டுது. நிலத்திலை நிண்டதுகளை மண் கிண்டுற டிகர் மெசின்காரன் இழுத்துப் போட்டான். இனி நீர் முழங்காலை மடிச்சு மண் கிண்டத் தேவையில்லை."

பிறகு தேத்தண்ணி கேட்டீர்கள். நான் போட்டுத் தந்தேன். இப்போது நினைத்தாலும் அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் குள்ள மேப்பிள்களை நீங்கள் ஒருநாளும் மரமென்று ஒத்துக்கொண்டதில்லை. இடுப்பளவுக்கு மேலே போகாததெல்லாம் ஒரு மரமா என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். அவை யப்பான்காரர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த சாதிகள். சில வருசங்களில் ஒரு விரல் நீளம்தான் வளரும். மிகாவா என்றதன் இலைகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்கும். கமகதா என்றது புரட்டாதியில் வசந்தம் தொடங்கித் தளிர்க்கும்போது ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் ஒரு சிவப்புக் கோடு தெரியும். நீங்கள் பேப்பர் வாசிக்கிற ஜன்னலுக்கு நேரே அது நின்றது. ஒருநாள் தலையை நிமிர்த்தியிருந்தால் கண்டிருப்பீர்கள்.

நான் சிட்னியில் இருந்த காலம் முழுக்க வீடியோவில் வந்தீர்கள். பேத்தியைக் காட்டு என்றீர்கள். என் தோட்டத்தை மூடப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் திரும்பி வரமாட்டேன். கோபம் ஆறினால் வருவேன் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கோபம் ஆறிவிட்டது. ஆறிய பிறகுதான் பெட்டியை அடுக்கினேன்.

இப்படிக்கு,
பத்மாவதி


தகனினி
30 மார்ச் 2024

என் அன்பு மனைவி பத்மாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. ஒரே நகரத்துக்குள் ஒரு கடிதம் வர ஒரு கிழமைக்கு மேல் ஆகிறது. நான் கடைசியாக உமக்குக் கடிதம் எழுதியது உமது வீசாவுக்காகக் காத்திருந்த காலத்தில். அப்போது நீர் கொழும்பில் இருந்து எழுதும் கடிதங்கள் இதைவிட நல்லாக இருந்தன.

பத்மா, இது என்ன விளையாட்டு? செடி போனதற்காக ஒரு பெண் வீட்டை விட்டுப் போனாள் என்று யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா? நான் குடித்தேனா? அடித்தேனா? வேறு வீடு தேடிப் போனேனா? இருவருமாக உழைத்து மோட்கேஜ் கட்டி முடித்த வீடு. அதை வசதியாக்கினேன். அது குற்றமா?

உமக்கு ஒன்று மறந்துபோயிற்று. போன குளிர்காலம் வேலியோரத்தில் மண்வெட்டியோடு விழுந்தீர். நான் கோயில் சபைக் கூட்டம் முடிந்து வரும்வரைக்கும் எழும்ப முடியாமல் ஈரத்தில் கிடந்தீர். நான் தூக்கியபோது உமது முகம் இருந்த மாதிரியை இன்னும் மறக்கவில்லை. அந்தத் தோட்டம் ஒருநாள் உம்மைக் கொன்றுபோடும் என்று அன்றைக்கே நினைத்தேன். கேட்டால் நீர் விடமாட்டீர் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

இங்கே எல்லாம் அந்தரம். சோறு ஒன்றில் அடிப்பிடிக்கிறது, அல்லது கஞ்சியாகிறது. உமது மிளகாய்த்தூள் எந்தப் போத்தலில் என்று தெரியாமல் குழம்புக்குச் சீரகத்தூளைப் போட்டேன். கோயிலில் கேட்கிறார்கள். நீர் இன்னும் சிட்னியில் பேத்தியோடு நிற்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே யாருக்கும் ஒன்றும் தெரியாது. நீர் மரியாதையோடு திரும்பி வரலாம்.

மரம்தானே வேண்டும்? செடி விற்கிற நேசறிக்குப் போவோம். நீர் காட்டுகிறதை வாங்கித் தருகிறேன். நல்ல பெரிய சாடிகளில் கொங்கிறீட்டின் மேலே வரிசையாக வைக்கலாம். அதுதான் இன்னும் வடிவாக இருக்கும். வருசப்பிறப்புக்கு முதல் வாரும். நானே வந்து கூட்டிவருகிறேன்.

என்றும் உமது,
சபாரத்தினம்


ரானுயி
16 ஏப்ரல் 2024

நிசாந்தினியின் அப்பாவுக்கு,

உங்களுக்கும் எனக்கும் நல்ல வருசமாக அமையட்டும், அவரவர் இருக்கும் இடத்தில்.

தகனினி வெயிலில் கொங்கிறீட்டின் மேல் சாடியில் வைத்தால் அந்த வேர் அடுப்பில் வைத்ததுபோல் அவிந்துவிடும். தை மாதக் கோடையிலேயே இலையெல்லாம் கருகிப் பொரிந்து நிற்கும். பின்னேர வெயிலும் காற்றும் படாத மூலையில்தான் அவை வாழும். இத்தனை வருசம் அந்தத் தோட்டத்தைக் கடந்து குப்பை வாளி கொண்டுபோனீர்கள், அவை எல்லாம் ஏன் மேற்கு வேலியோடு நின்றன என்று ஒருநாளும் யோசித்திருக்க மாட்டீர்கள்.

நான் விழுந்தது உண்மை. நீங்கள் பயந்ததும் உண்மை என்று நம்புகிறேன். பயந்தால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். "கேட்டால் விடமாட்டீர், அதனால்தான் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்துப் பார்த்தீர்களா?

இங்கே நான் பால் போத்தல் அடுக்குகிற ஒரு பழைய பால்பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு மண் வேலை செய்கிறேன். முழங்கால் மடிக்கத் தேவையில்லை. ஒரு பால்பெட்டியால் முடிகிற காரியம்.

யுனிட்டுக்கும் வேலிக்கும் இடையில் ஒரு ஒடுக்கமான துண்டு நிலம் கிடக்கிறது. கட்டிலைக் குறுக்கே போட்டால் நிறைந்துவிடும். டோறினின் கணவர் றொபேட் உயிரோடு இருந்தபோது அங்கே பழைய டயரும் இரும்பும் அடுக்கி வைத்திருந்தாராம். நாங்கள் இருவரும் இழுத்து எறிந்தோம். "பத்மா அக்கா, இது இனி உங்கடை. என்னட்டை ஒண்டும் கேக்க வேண்டாம்" என்றா. மண் வெறும் களி. தோண்டினால் கிடங்கில் தண்ணீர் நிற்கும். அதனால் தோண்டாமல் மேலே மேடு கட்டினேன். மரப்பட்டைத் தூளும் பொடிக் கல்லும் கலந்து, முழங்கால் அளவு உயரத்தில். அதில் முதலாவதாக ஷைனா என்ற சாதிக் குள்ள மேப்பிள் ஒன்றை வைத்திருக்கிறேன். என் முழங்காலுக்குக் கூட வராது. இலையெல்லாம் கடும் சிவப்பு. இப்போது இலை உதிர்காலம் என்பதால் இன்னும் எரிகிறது.

வருசப்பிறப்பன்று என்ன நடந்ததென்று நீங்கள் பார்த்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் பாதியிலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். நான் ரயிலும் பஸ்ஸும் மாறிக் கோயிலுக்கு வந்தேன். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றபோது, "எப்ப சிட்னியாலை வந்தனீங்கள்?" என்று சுற்றி நின்ற பெண்கள் கேட்டார்கள்.

"மாசியிலையே வந்திட்டன். இப்ப ரானுயியிலை தனிய இருக்கிறன்."

"ஏன் அக்கா, அண்ணையோடை ஏதும்...?"

"ஓம். அவரோடைதான்."

கோயிலுக்குள் நின்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஒருத்தி முகத்தைத் திருப்பினாள். இன்னொருத்தி என் கையைப் பிடித்தாள், பிடித்துக்கொண்டே நின்றாள். இனி என்னைச் சிட்னியில் வைத்திருக்க வேண்டாம். நான் ஒளித்து வைக்க வேண்டிய ஆள் இல்லை.

மிளகாய்த்தூள் மேல்தட்டில், பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில்.

இப்படிக்கு,
பத்மாவதி


தகனினி
2 மே 2024

பத்மாவதிக்கு,

நல்லாக இருக்கிறது. இருபத்தைந்து வருசம் நான் சபையில் கட்டிக் காத்த பெயரை ஒரே காலையில் செருப்புத் தட்டடியில் போட்டு மிதித்துவிட்டீர். போன கூட்டத்துக்கு நான் போகவில்லை. ஃபோன் எடுத்து அனுதாபம் சொல்கிறார்கள், செத்த வீட்டுக்குச் சொல்கிற மாதிரி.

பொய் சொன்னது உமக்காக. உமது பெயர் கெடாமல் இருக்க. அது உமக்கு விளங்காது.

இருந்து பாரும். குளிர்காலம் வரட்டும். அந்தக் களிமண்ணும் அந்தத் தகரப் பெட்டி யுனிட்டும் எத்தனை நாளைக்கு? மழை தொடங்கினால் நீராகவே ஃபோன் எடுப்பீர்.

சபாரத்தினம்


தகனினி
8 ஜூலை 2024

பத்மாவுக்கு,

நீர் ஃபோன் எடுக்கவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

போன கிழமை பெய்த மழை உமது பக்கமும் பெய்திருக்கும். இங்கே பின்பக்கம் விழுந்த தண்ணீருக்குப் போக இடமில்லை. கொங்கிறீட் போட்டவன் வாட்டத்தை வீட்டுப் பக்கம் சரித்துவிட்டான். பின்கதவால் உள்ளே வந்துவிட்டது. விடிய எழும்பிக் காலை வைத்தால் விறாந்தையில் கணுக்கால் அளவு தண்ணீர். கார்ப்பெட் முழுக்கப் போயிற்று. காப்புறுதிக்காரன் வந்து படம் எடுத்துக்கொண்டு போனான், பதில் இல்லை. மழை நேரம் கதவடியில் துவாய்களை அடுக்கி வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

முன்பும் இதைவிடப் பெரிய மழை பெய்திருக்கிறது. ஒருநாளும் வீட்டுக்குள் வந்ததில்லை. அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஈர மணம் போகவில்லை. எனக்கு இருமல். நிசாந்தினிக்குச் சொல்ல வேண்டாம்.

வீடு இப்படிக் கிடக்கும்போதாவது நீர் வந்து பார்க்கக்கூடாதா?

சபாரத்தினம்


ரானுயி
21 ஜூலை 2024

நிசாந்தினியின் அப்பாவுக்கு,

இருமலுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடியுங்கள். இரண்டும் குசினி இழுப்பறையில் இருக்கின்றன. ஒரு கிழமையில் மாறாவிட்டால் டொக்டரிடம் போங்கள். பெருமைக்கு வீட்டில் இருந்து இருமாதீர்கள். நிசாந்தினிக்கு நான் சொல்லிவிட்டேன். அவளிடம் மறைப்பதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

வேலியோடு ஓரமாகக் கொங்கிறீட்டை வெட்டி ஒரு வாய்க்கால் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தெருக்காணுக்கு இறங்கட்டும். முன்பு வந்த மழையை யார் குடித்தது என்று யோசித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, யோசியுங்கள்.

இங்கேயும் தண்ணீர் நின்றது. மறைக்க என்ன இருக்கிறது? விடியற்காலையில் நானும் டோறினும் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வேலிக்கரையில் கால்வாய் வெட்டினோம். அவவுக்கு அறுபத்துநான்கு. சேற்றில் நின்றுகொண்டு மாதாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெட்டினா. மேட்டில் நின்றவை தப்பிவிட்டன. வைகாசியில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு கமகதாவை மேடு கட்டப் பொறுமையில்லாமல் பள்ளத்தில் வைத்திருந்தேன். அது வேர் அழுகிச் செத்தது. பிடுங்கியபோது வேர் கறுத்துக் கையோடு வந்தது. அழுதேன். பிறகு அந்த இடத்தில் மேடு கட்டி வேறொன்று வைத்தேன். என் தோட்டத்தில் என் பிழையால் ஒன்று சாகலாம். அதற்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியது எனக்குத்தான்.

இப்போது எல்லாம் இலையில்லாமல் நிற்கின்றன. கவ்வாத்து இந்தக் காலத்தில்தான். இலை மூடியிருக்கும்போது எந்தக் கிளை எதை உரசுகிறதென்று தெரியாது. ஒரு சின்னக் கத்தரிக்கோலும் பால்பெட்டியும் போதும். ஒரு கிளையைப் பார்த்துக்கொண்டு அரைமணித்தியாலம் இருப்பேன். யாரும் "என்ன செய்யிறீர் அங்கை?" என்று கேட்பதில்லை.

உங்கள் வீடு நனைந்தது கவலைதான். கார்ப்பெட்டுக்காக நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
பத்மாவதி


தகனினி
5 அக்டோபர் 2024

அன்புள்ள பத்மாவுக்கு,

இருமல் மாறிவிட்டது. வாய்க்காலும் வெட்டியாயிற்று. தண்ணீர் இறங்குகிறது.

இந்தக் கடிதத்தை நீர் இருந்து வாசிக்க வேண்டும். போன செவ்வாய் பல் வைத்தியரிடம் பக்குரங்காவுக்குப் போனேன். திரும்பும்போது ஒரு வீட்டு வாசற்படியில் ஒரு நீலச் சாடி. விளிம்பு உடைந்திருந்தது. நீர் ஒருமுறை காரைப் பின்னுக்கு எடுக்கும்போது இடித்து உடைந்த அதே விளிம்பு. அதில் உமது மரம்! புதுத் தளிர் விட்டு நிற்கிறது. காரை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் நின்று பார்த்தால் இலைகள் நீர் எழுதியதுபோலத்தான், ஓடு வேய்ந்தமாதிரி.

கதவைத் தட்டினேன். ஜெசிக்கா என்று ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளை. வாடகை வீடு. விசயத்தைச் சொல்லி, தவறுதலாகக் கொடுத்துவிட்டேன், திருப்பித் தாரும் என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்கிறாள்:

"அங்கிள், ஃப்ரீன்னு நீங்கதானே எழுதி வச்சீங்க? நான் என்ன திருடியா எடுத்துட்டு வந்தேன்? இப்ப இது என் மரம்லா."

எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டாள். என்ன பிள்ளைகள்!

ஆனாலும் நான் விடமாட்டேன். நீர் வருவதாக ஒரு சொல் எழுதும். எப்படியாவது அந்த மரத்தை வாங்கிக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறேன். கொங்கிறீட்டில் ஒரு மூலையை வெட்டி எடுக்கவும் ஆயத்தம்.

இன்னொன்று. மார்கழி தொடக்கத்தில் மஹதியின் முதலாவது பிறந்தநாள். நிசாந்தினி இங்கே வந்து கொண்டாட விரும்புகிறாள். கூரையின் கீழ் நூறு பேருக்கு இடம் இருக்கிறது. அழைப்பிதழில் உமது பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் போடுகிறேன். வாசலில் நாம் இருவரும் ஒன்றாக நின்றால் இதுவரை நடந்த கதையெல்லாம் அடங்கிவிடும்.

என்றும் உமது,
சபாரத்தினம்


ரானுயி
27 அக்டோபர் 2024

நிசாந்தினியின் அப்பாவுக்கு,

மரம் உயிரோடு இருக்கிறதென்று எழுதியதற்கு நன்றி. அந்த வரியில் மட்டும் எனக்கு உங்கள் மேல் அன்பு வந்தது. அடுத்த வரியில் அதைத் தூண்டிலில் குத்தி வைத்துவிட்டீர்கள்.

டோறின் என்னைக் காரில் கூட்டிப்போனா. வாசற்படியில் நீலச் சாடியைக் கண்டதும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். மிகாவாதான். ஒரு கிளை முறிந்த இடத்தில் பட்டை மூடி, பக்கத்தில் இரண்டு தளிர் வந்திருக்கிறது. என்னிடம் நின்றதைவிடச் செழிப்பாக நிற்கிறது. பொய் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை கதவைத் திறந்தாள். நான் யாரென்று சொன்னேன். முதலில் முகம் இறுகிற்று. "அந்த அங்கிள் அனுப்பினாரா?" என்று கேட்டாள்.

"இல்லை. பாக்க வந்தனான். பாத்திட்டுப் போறன்."

உள்ளே கூப்பிட்டு மைலோ போட்டுத் தந்தாள். வேலை மாறி மாறி மூன்று வீடு மாறினாளாம். ஒவ்வொரு முறையும் முதலில் காரில் ஏற்றியது அந்தச் சாடியைத்தானாம். முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டு. நாங்கள் வெளிக்கிடும்போது அவளே சொன்னாள்: "ஆண்ட்டி, அங்கிளுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல. ஆனா உங்களுதுன்னா எடுத்துக்குங்க."

"இல்லைப் பிள்ளை. அது இனி உம்மடை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காரில் டோறின் ஏசினா. "விசரே அக்கா உங்களுக்கு? தாறன் எண்டு சொன்னவள்!" விசர் இல்லை. நன்றாக நிற்கிற மரத்தைப் பிடுங்குவதற்கு நான் போகவில்லை. என்னை ஓரிடத்துக்குக் கூட்டிப்போவதற்கான விலையாக எந்த மரமும் இருக்கக்கூடாது. எனக்கு மரம் வேண்டுமென்றால் நான் வாங்குவேன், நடுவேன், காத்திருப்பேன். எனக்கு அறுபத்தாறு வயது. காத்திருக்கப் பயம் இல்லை.

கொங்கிறீட்டில் மூலையை வெட்டுவதென்றால் உங்களுக்காக வெட்டுங்கள்.

அழைப்பிதழில் என் பெயரைப் போட வேண்டாம். போட்டால், வருகிற ஒவ்வொருவருக்கும் நானே எடுத்துச் சொல்வேன், நான் இல்லையென்று. வாசலில் படத்துக்கு நிற்க மாட்டேன். நிசாந்தினியோடு கதைத்தேன். கேக் வெட்டுவது ரானுயியில், என் தோட்டத்தில் என்று அவளே முடிவெடுத்தாள். பத்துப் பேருக்கு மேல் கொள்ளாது. பத்துப் பேர் போதும் என்றாள்.

இப்படிக்கு,
பத்மாவதி


தகனினி
18 நவம்பர் 2024

அன்புள்ள பத்மாவதிக்கு,

நூறு பேருக்குச் சொல்லியிருந்த சாப்பாட்டை நிறுத்திவிட்டேன்.

நிசாந்தினியிடம், "அப்ப நான் என்ன செய்யிறது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது அப்பா. அது அம்மாவின்ரை வீடு. அம்மாட்டைக் கேளுங்கோ" என்றாள். என் மகள் இப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. பிறகு யோசித்தேன், அவள் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றும் நீளமாகப் போயிற்று. கேட்க வேண்டியது ஒன்றுதான்.

மஹதியின் பிறந்தநாளுக்கு நான் வரலாமா?

சபாரத்தினம்


ரானுயி
26 நவம்பர் 2024

நிசாந்தினியின் அப்பாவுக்கு,

வரலாம். விருந்தாளியாக வாருங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. பக்கத்துப் படலையால் வர வேண்டும். என்னிடம் கதிரைகள் குறைவு, ஒரு கதிரை கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் என்றாலும் பரவாயில்லை. மேடுகளின் மேல் கால் வைக்கக்கூடாது. தோட்டத்தைப் பார்த்து யோசனை சொல்லக்கூடாது. டோறினிடம் என்னைப் பற்றி முறையிடக்கூடாது. எல்லோருக்கும் முன்னால் "எப்ப வீட்டை வாறீர்?" என்று கேட்டால், அந்த நிமிசமே படலையைத் திறந்துவிடுவேன்.

ஆறு மணிக்கு எல்லோரும் போகிறார்கள். நீங்களும்.

உங்களுக்குச் சீனி கூட என்று டொக்டர் சொன்னதாக நிசாந்தினி சொன்னாள். கேக்கில் சின்னத் துண்டுதான் தருவேன்.

இப்படிக்கு,
பத்மாவதி


தகனினி
9 டிசம்பர் 2024

அன்புள்ள பத்மாவதிக்கு,

வீட்டுக்கு வந்தும் சனிக்கிழமையிலேயே நிற்கிறேன்.

அந்த இடம் இவ்வளவு சின்னதென்று நான் நினைக்கவில்லை. அதற்குள் இவ்வளவு இருக்கும் என்றும் நினைக்கவில்லை. கதிரையில் இருந்தால் மரங்கள் எல்லாம் என் தோளுக்கு நேராக நின்றன. நின்றுகொண்டு பார்க்கிறதற்கும் இருந்துகொண்டு பார்க்கிறதற்கும் இத்தனை வித்தியாசமா? மஹதி தவழ்ந்து போய் ஒரு இலையைப் பிடுங்கி வாயில் வைத்தாள். நிசாந்தினி பதறினாள். நீர் சிரித்தீர். யாரும் உம்மைச் சிரிக்க வைக்காமலே சிரித்தீர். அந்தச் சத்தத்தை நான் கேட்டு எவ்வளவு காலம் என்று எண்ணிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

சிவப்பு மரத்தின் பெயரைக் கேட்டேன். ஷைனா என்றீர். மற்றவற்றின் பெயரும் கேட்க இருந்தேன், அது யோசனை சொல்வதில் சேருமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

வெளிக்கிடும்போது ஒன்று கேட்க நினைத்தேன். டோறின் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. கேட்காமலே கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நத்தார் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு நான் வரலாமா? விசேசம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வாரும் என்று கேட்க வரவில்லை. கதிரை கொண்டுவருவேன். ஏதும் வேலை இருந்தால் செய்வேன். வேண்டாம் என்றால் சும்மா இருப்பேன்.

சபாரத்தினம்


ரானுயி
16 டிசம்பர் 2024

அன்புள்ள சபாரத்தினத்துக்கு,

உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதிப் பார்த்தேன். நல்லாகத்தான் இருக்கிறது. பழகிக்கொள்ளுங்கள்.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு ஏலாது. அன்றைக்கு டோறினின் தேவாலயத்தில் பாட்டு நிகழ்ச்சி. நானும் போகிறேன். அதற்கடுத்த ஞாயிறு நானும் அவவும் பிஹா கடற்கரைக்குப் போகிறோம், இரண்டு பேரும் அங்கே கால் நனைத்து வருசக்கணக்காகிறது.

தை மாத முதல் ஞாயிறு வாருங்கள். வெயில் ஏற முதல், காலையில். வெயிலில் இலை கருகத் தொடங்கும் காலம் அது. மேற்கு வேலியோடு நிழல்துணி கட்ட வேண்டும். துணி நீளம், மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் தேவை.

எந்த உயரத்தில் பிடிக்க வேண்டுமென்று நான் சொல்வேன்.

பத்மாவதி